ஒற்றை விசில்

செப்டம்பர் 4

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி எட்டு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றைக்கு அதற்கு வேலை வந்துவிட்டது. டெப்போ அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். இருபத்தைந்து வருடம் விபத்தில்லாமல் பஸ் ஓட்டியவர்களுக்கு வருகிற ஜனவரி 26 அன்று பதக்கம். எங்கள் கிளையில் ஒரே ஒரு பெயர்தான். ஆ. சங்கரபாண்டியன், ஓட்டுநர். நானேதான்.

பட்டியலை ஜெபமணிதான் சத்தமாகப் படித்துச் சொன்னான். அந்த இடத்தில் வெளிச்சம் போதாது. பலகைக்கு மேலே ஒரு டியூப்லைட் போடுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை.

ஜெபமணி என் கண்டக்டர். ஆறு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே வண்டி, ஒரே தடம். காலை ஏழேகாலுக்குத் தென்காசியில் எடுத்தால் மேலக்குளம் போய்த் திரும்பி, மறுபடி மேலக்குளம். தங்கமான ஆள். ஒரே ஒரு குறை, விசில். கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் போ. ஊரறிந்த விஷயம் இது. இவன் என்னவென்றால் ஸ்டாப்புக்கு நூறடி முன்னாலேயே ஊதுகிறான். வண்டிக்குள் இறங்க ஒரு ஆள் இல்லாதபோதும் ஊதுகிறான்.

"ஏல, உங்கப்பா விசில் கம்பெனியா வச்சிருந்தாரு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஜனவரி 26 வரை எழுதப்போகிறேன். பதக்கம் வாங்கிய அன்று கோமதியிடம் படித்துக் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 17

ரேஷன் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கிக் கொடுத்தேன். சாப்பிடும்போது கோமதியின் பல்லில் கல். என் வாயிலும் ஒன்று. "இதத்தான் ஒரு மணி நேரமா பாத்துப் பொறுக்குனியளா?" என்றாள். அரிசி அப்படி வருகிறது, நான் என்ன செய்ய.

அக்டோபர் 9

டெப்போவில் கண் பரிசோதனை. கோமதி ஒரு மாதமாக "கண்ணக் காட்டுங்க, கண்ணக் காட்டுங்க" என்று உயிரை எடுக்கிறாளே, இன்றைக்கு அவள் வாயை அடைத்தாயிற்று. கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். சோதிக்க வந்தவர் தலையைக் கூட நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டார்.

வரிசையில் எனக்கு முன்னால் பதினோரு பேர் நின்றார்கள். எல்லோரும் அதே அட்டையைச் சத்தமாகப் படிக்கும்போது காதில் விழத்தானே செய்யும். டிரைவர் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் அந்த அட்டை மனப்பாடம்தான். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 28

எதிரே வருகிற பயல்கள் எல்லாம் வெள்ளை விளக்கு போட்டுக்கொண்டு வருகிறார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் ரோடு முழுக்க வெளிச்சம் சிதறிக் கிடக்கிறது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும்.

நவம்பர் 14

ஜெபமணி அக்காள் மகள் கல்யாணத்துக்கு நாசரேத் போய்விட்டான். மூன்று நாள் லீவு. பதிலுக்கு ஒரு புது கண்டக்டர். டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டு பின்னாலேயே நின்றான். ஆள் இறங்கினால் மட்டும் ஊதினான். விசில் தொல்லையில்லாமல் எவ்வளவு நிம்மதி! மேலக்குளத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம்.

நவம்பர் 18

மானேஜர் கூப்பிட்டார். என் பேரில் புகார். பேச்சியம்மாள் என்று யாரோ ஒரு பெண் எழுதியிருக்கிறாள். 14ஆம் தேதி காலை, வாகைக்குளத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் கை காட்டியும் வண்டி நிற்காமல் போய்விட்டதாம். டிரைவர் அவள் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டே போனாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருபத்தைந்து வருடத்தில் ஒரு ஸ்டாப்பில் ஆளை விட்டுவிட்டுப் போனதாக என்மேல் ஒரு சொல் வந்ததில்லை. அங்கே யாருமே இல்லை. என் கண்ணால் பார்த்தேன், வெறும் ரோடு. மானேஜர், "விளக்கம் எழுதிக் குடுத்துருங்க சங்கரபாண்டியன், பதக்க நேரத்துல இது வேண்டாம்" என்றார். உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன். 'நிறுத்தத்தில் யாரும் இல்லை. புகார் உண்மைக்குப் புறம்பானது. மேற்படி நபர் தாமதமாக வந்துவிட்டு என்மீது பழி போடுகிறார்.' புது கண்டக்டரும் தான் யாரையும் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டான். அந்தப் பெண்ணுக்கு அப்படியே பதில் அனுப்பிவிடுவார்களாம்.

நவம்பர் 20

ஜெபமணியிடம் சொன்னேன். அவனும் அந்தப் பெண்ணைத் திட்டுவான் என்று பார்த்தால், டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "அந்த அக்கா தெனமும் நிக்குமே அண்ணாச்சி. ஒருநாளும் லேட்டா வந்ததில்ல" என்றான்.

என் பக்கம் பேச ஒருத்தன்கூட இல்லை. வீட்டுக்கு வந்து குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மாற்றிய பிறகும் ஒழுகுகிறது.

டிசம்பர் 6

மாலை டிரிப். ஐந்தரை மணி, வெயில் நேராகக் கண்ணுக்குள் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை சைக்கிளில் திடீரென்று குறுக்கே வந்துவிட்டாள்.

இல்லை. அவள் குறுக்கே வரவில்லை. ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். நான் பார்க்கவில்லை.

ஜெபமணி பின்னாலிருந்து ஓடிவந்து என் காதருகே நீளமாக விசில் ஊதி, "அண்ணாச்சி, பிரேக்கு!" என்று கத்தினான். வண்டி நின்றபோது சைக்கிளின் பின் சக்கரத்துக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். அந்தப் பிள்ளை திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

டெப்போவில் வண்டியை விட்டதும் ஜெபமணி என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, நான் ஏன் முன்னாடியே விசில் ஊதுதேன்னு ஒருநாளாச்சும் யோசிச்சியளா?"

"உனக்குப் பொழுது போகல, ஊதுத."

"ஸ்டாப்புல ஆளு நின்னா ஊதுவேன். இல்லேன்னா ஊதமாட்டேன். போன பங்குனிலேருந்து இப்படித்தான் ஓடுது. நீங்க ஆளப் பாத்து நிப்பாட்டல, என் விசிலக் கேட்டு நிப்பாட்டுதீய."

நான் அவனைக் கண்டபடி பேசிவிட்டேன். எழுத முடியாத வார்த்தைகள். முடிக்கும்வரை கேட்டுவிட்டுச் சொன்னான்:

"நானும் தப்புப் பண்ணிட்டேன். அப்பவே சொல்லிருக்கணும். பதக்கம் வாங்கிக்கிடட்டும்னு பாத்தேன். இன்னிக்கி அந்தப் புள்ளயப் பாத்ததும் எம் மகதான் கண்ணுக்குள்ள வந்தா. அவளும் இந்த ரோட்டுலதான் சைக்கிள்ள போறா. இனிமே உங்க வண்டில நான் ஏறமாட்டேன் அண்ணாச்சி."

டிசம்பர் 7

ஜெபமணி வேறு வண்டி கேட்டு வாங்கிக்கொண்டான். நான் வயிற்றுவலி என்று லீவு போட்டேன்.

டிசம்பர் 11

நான்கு நாளாக எனக்குள் ஒரே வழக்கு. ஜெபமணி சொன்னது பொய், அந்தப் பெண் சொன்னதும் பொய் என்று நிரூபித்துவிட்டால் தீர்ந்தது. இன்றைக்குக் காக்கியைப் போடாமல் வேட்டி சட்டையோடு கிளம்பி, மினி பஸ் பிடித்து ஏழரைக்கெல்லாம் வாகைக்குளம் விலக்கில் போய் இறங்கிவிட்டேன். நிழற்குடைக்கு முன்னால் புளியமரம் மறைக்கிறதா, ஆள் நின்றால் டிரைவருக்குத் தெரியாத இடமா, எதையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் எண்ணம். மரம் பத்தடி தள்ளி நின்றது. எதையும் மறைக்கவில்லை.

ஒரு பெண் தூக்குவாளியோடு நின்றிருந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். "மேலக்குளம் வண்டிக்கா அண்ணாச்சி?" என்று அவளாகவே கேட்டாள். ஆமாம் என்றேன். காக்கியில்லாமல் என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, தினமும் பின்வாசலில் ஏறுகிறவளாக இருக்கும்.

"இப்ப வந்துரும். இந்த வண்டிய விட்டா ஒம்பதரைக்குத்தான். நான் மேலக்குளம் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கேன். ஒருநா இந்த டிரைவரு நிக்காமப் போயிட்டாரு. நான் போயி உலை வைக்கும்போது மணி பத்தேகாலு. அறுபத்திமூணு புள்ளைய, ரெண்டு மணிக்குத்தான் சாப்பிட்டுச்சு. ஒண்ணாப்புப் புள்ள ஒண்ணு பசில தட்ட வச்சிக்கிட்டே தூங்கிப்போச்சி. அன்னிக்கி நான் வாங்குன ஏச்சு இருக்கே!"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புகார் எழுதிப் போட்டேன். நான் பொய் சொல்லுதேன்னு ஆபீஸ்லேருந்து கடுதாசி வந்திருக்கு. பள்ளிக்கூடத்துல பெரிய சார்வாள் அத வாங்கிப் படிச்சிட்டு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. கண்ணு தெரியாத மனுசன்னா பாவம்னு விட்டுருவேன் அண்ணாச்சி. எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டேல்லா போனான்!"

அப்போது அவள் கையை நெற்றியில் வைத்துத் தூரத்தில் பார்த்தாள். "அந்தா வருது பாருங்க, மேலக்குளம் வண்டி."

பார்த்தேன். ரோடு முடிகிற இடத்தில் புகைமாதிரி ஏதோ இருந்தது. அது லாரியா, பஸ்ஸா, மாட்டுவண்டியா தெரியவில்லை. என் சொந்த வண்டி. ஆறு வருடம் ஓட்டிய வண்டி. முன் கண்ணாடிக்கு மேலே இருக்கிற பலகை, அதில் மஞ்சள் எழுத்து, எல்லாம் எனக்கு மனதில் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. வண்டி வந்து எனக்கு முன்னால் நின்ற பிறகுதான் 'மேலக்குளம்' என்று வாசித்தேன்.

"ஏறலியா?" என்றாள் அவள். மறந்துபோய் ஒரு சாமானை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டதாகச் சொல்லி, பதில் டிரைவர் பார்த்துவிடாமல் மரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவள் போன பிறகு நிழற்குடைக் கல்லில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்துநான்கு வயதில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 12

காலையிலேயே மானேஜர் அறைக்குப் போய், "என்னைய வண்டியிலேருந்து எறக்கிருங்க சார்" என்றேன். கண் அட்டையை மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். நவம்பரில் எழுதிக் கொடுத்த விளக்கம் தப்பு என்று புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"இதக் குடுத்தா பதக்கம் போயிரும், தெரியும்ல?"

"தெரியும் சார். அந்தம்மாவுக்கு வேற கடுதாசி போடுங்க. அவங்க சொன்னதுதான் உண்மைன்னு போடுங்க."

வெளியே வந்தபோது பயமாக இருந்தது. இனி ஸ்டீயரிங்கைத் தொடுவேனோ மாட்டேனோ. ஆனாலும் கழுத்தில் இத்தனை நாள் எதையோ சுமந்ததுபோலவும் அதை யாரோ வாங்கிக்கொண்டதுபோலவும் இருந்தது.

கோமதி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. தோசை மட்டும் வழக்கத்தைவிட இரண்டு கூட வைத்தாள்.

டிசம்பர் 20

கண் டாக்டர் ஒரு பெண். என் மகள் என்று ஒருத்தி இருந்தால் அந்த வயது இருக்கும். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றிவிட்டது என்றார். "இத வச்சிக்கிட்டா பஸ் ஓட்டுனீங்க?" என்று கேட்டார். ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பிவிடும், ஆனால் பஸ் ஓட்டலாமா என்பதை மருத்துவக் குழுதான் சொல்ல வேண்டும் என்றார்.

அதுவரைக்கும் எனக்கு லைட் டூட்டி. பஸ் ஸ்டாண்டில் நின்று எந்த வண்டி எந்த ஊருக்கு என்று கூவ வேண்டும்.

ஜனவரி 3

கூவினேன். வண்டிப் பலகை எனக்குத் தெரியாததால் பக்கத்துப் பூக்காரியிடம் கேட்டுக் கேட்டுக் கூவினேன். என்னிடம் வேலை பழகிய டிரைவர்கள் ஜன்னல் வழியாக, "என்ன அண்ணாச்சி, பிரமோஷனா?" என்கிறார்கள். முன்பென்றால் இரண்டு கொடுத்திருப்பேன். இன்றைக்கு, "ஆமால, நீயும் ஒருநாளு வருவ" என்று சிரித்துவிட்டேன்.

ஜனவரி 18

இடது கண் முடிந்தது. எழுதக் கூடாதாம். இது கோமதி எழுதுவது. நல்லா இருக்காங்க. தலைகுளிக்கக் கூடாதுன்னா கேக்க மாட்டேங்காங்க.

ஜனவரி 26

கொடியேற்றத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். போகவேண்டாம் என்று கோமதி சொன்னாள். எங்கள் கிளையில் யாருக்கும் பதக்கம் இல்லை. மிட்டாய் கொடுத்தார்கள். ஜெபமணி வந்து பக்கத்தில் நின்றான். டிசம்பர் 6க்குப் பிறகு இன்றைக்குத்தான் பேசுகிறோம்.

"அன்னிக்கி ஏசுனதுக்கு மன்னிச்சிருல."

"எத அண்ணாச்சி? நீங்க தெனமுமே ஏசுவியளே" என்றான்.

கண்ணாடியை ஒரு நிமிடம் கழற்றி இடது கண்ணால் கொடியைப் பார்த்தேன். அடேயப்பா, பச்சை இவ்வளவு பச்சையா! இரண்டு வருடமாக எல்லாவற்றையும் டீத்தண்ணிக்குள் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 20

வலது கண்ணும் முடிந்து, கட்டும் பிரித்தாயிற்று. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அரிசி புடைத்தேன். பதினேழு கல். ஒன்றுவிடாமல் வரிசையாக வைத்துக் கோமதியிடம் காட்டினேன். அவள் முகத்தில் இத்தனை சுருக்கம் எப்போது வந்தது என்று கேட்டுவிட்டேன். அது தேவையில்லாத வேலை.

மார்ச் 21

மருத்துவக் குழுவில் தேறிவிட்டேன். அட்டையைத் தொங்கவிட்டதும், "வேற அட்ட இருந்தா போடுங்க சார், இது எனக்கு மனப்பாடம்" என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டு வேறு அட்டை மாட்டினார்கள். படித்தேன். உண்மையாகவே படித்தேன். டெப்போவில் ஓட்டிக் காட்டித் தேறிவிட்டால் வண்டி கொடுப்பார்களாம். இருபத்தைந்து வருடம் ஓட்டியவனுக்கு அது என்ன பெரிய விஷயம்.

மார்ச் 25

தேறவில்லை. டிரம் வரிசைக்கு நடுவே பின்னால் எடுக்க வேண்டும். மூன்றாவது டிரம்மைச் சாய்த்துவிட்டேன். ரோட்டில் ஓட்டிக் காட்டும்போது நாய் நின்றால் பிரேக், குப்பைக் காகிதம் பறந்தால் பிரேக். முன்பு எதுவும் தெரியாது, அதனால் பயமும் இல்லை. இப்போது எல்லாம் தெரிகிறது, எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது. "அண்ணாச்சி, புதுசா படிக்க வந்தவனே பரவால்ல" என்றான் பயிற்சியாளன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். அவன் சொன்னது சரிதான்.

லைட் டூட்டியிலேயே இருந்துவிடலாமா என்று கோமதியிடம் கேட்டேன். "பூக்காரிகூட நின்னு கூவப் போறியளா? தெரியாதப்ப ஓட்டுனிய, தெரியும்போது ஓட்ட மாட்டியளோ?" என்றாள்.

மார்ச் 27

மானேஜரிடம் போய், காலையில் ஒரு மணி நேரம் பழைய வண்டி வேண்டும், பழகிக்கொள்கிறேன் என்றேன். முன்னும் பின்னும் L பலகை மாட்டிக் கொடுத்தார்கள். மெக்கானிக் ஷெட்டே கைவேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. ஜெபமணி தன் டூட்டிக்கு முன்னால் வந்து வண்டிக்குப் பின்னால் நின்று விசில் ஊதினான். ஆறு தடவை எடுத்தேன், நான்கு தடவை டிரம் விழுந்தது.

ஏப்ரல் 1

இரண்டாவது சோதனை. ஒரு டிரம் விழுந்தது. மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் ஒன்று என்று ஜெபமணி கிண்டல் செய்தான்.

ஏப்ரல் 5

ஒன்றும் விழவில்லை.

ஏப்ரல் 7

நாளை முதல் என் பழைய தடம். ஜெபமணியும் எழுதிக் கொடுத்துத் திரும்ப வந்துவிட்டான். காக்கிச் சட்டை இடுப்பில் இறுக்குகிறது. கோமதி தையல் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஏப்ரல் 8

ஏழேகாலுக்கு எடுத்தேன். ஜெபமணி முன்னால் வந்து நின்று, "ஊதணுமா அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டான். "எறங்க ஆளிருந்தா ஊது" என்றேன்.

வாகைக்குளம் விலக்குக்கு வெகுதூரம் முன்னாலேயே தெரிந்துவிட்டது. நிழற்குடை, புளியமரம், மரத்தில் யாரோ அடித்துவிட்டுப் போன தேர்தல் தகரம்கூடத் தெரிந்தது. தூக்குவாளி தெரிந்தது. நீலச் சேலை. அவள் கையைத் தூக்குவதற்கு முன்பே நான் வேகத்தைக் குறைத்துவிட்டேன். முன்வாசல் சரியாக அவளுக்கு நேரே நின்றது. விசில் இல்லை.

ஏறியவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். "நீங்க அன்னிக்கி இங்ஙன எங்கூட நின்ன அண்ணாச்சில்லா?"

எத்தனையோ தடவை வீட்டில் சொல்லிப் பார்த்திருந்தேன். வரிசையாக ஒன்றும் வரவில்லை. "ஆமாம்மா. ஐப்பசி மாசம் நிக்காமப் போனதும் நான்தான். நீங்க பொய் சொல்லுதீகன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான். ரெண்டு கண்ணுலயும் புரை இருந்துச்சி. அத மறைச்சி ஓட்டிக்கிட்டிருந்தேன். என்னைய மன்னிக்கணும்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் வாங்கியிருப்பேன்.

"ரெண்டாவது கடுதாசி வந்துச்சி" என்றாள். "பெரிய சார்வாள்கிட்ட காட்டுனேன். இப்ப கண்ணு நல்லாத் தெரியுதா?"

"தெரியுதும்மா."

"அப்ப வண்டிய எடுங்க. புள்ளைகளுக்கு உலை வைக்கணும்."

ஜெபமணி இரண்டு விசில் ஊதினான். எடுத்தேன்.